கையில் போன், முன்னால் காக்கி: ஓசூர்–கிருஷ்ணகிரி சாலையில் கவனம் சிதறாமல் ஓட்டுவது

ஜூஜூவாடியில் மாநில எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரை ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கானது இந்த அத்தியாயம்: ஷிப்ட் வேன் டிரைவர், சிப்காட்டுக்கு பைக்கில் போகிறவர், ராயக்கோட்டைத் தக்காளியையோ ஓசூர் ரோஜாவையோ ஏற்றிக்கொண்டு இரவில் பெங்களூருக்கு விரைகிற பிக்கப் வண்டிக்காரர், சனி ஞாயிறு ஊருக்கு வந்து போகும் கார்க்காரர்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஓட்டும்போது போனைத் தொடாமல் இருக்க வண்டியை முன்கூட்டியே எப்படித் தயார் செய்வது என்பது ஒன்று. சாலையில் காவலர் நிற்கும் இடத்தை அவருக்கு ஆபத்தில்லாமல் எப்படிக் கடப்பது என்பது மற்றொன்று. முதலாவது பழகாதவருக்கு இரண்டாவது வராது. சோதனைச் சாவடியிலும் விபத்து நடந்த இடத்திலும் நிற்கிற காவலரைச் சுற்றி இரும்பும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. எதிரே வருகிற டிரைவரின் பார்வைதான் அவருக்கு இருக்கும் ஒரே காப்பு. 2021 நவம்பரில் கரூர் அருகே நெடுஞ்சாலையில் வாகனச் சோதனை செய்துகொண்டிருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் வேன் மோதி இறந்தார். அவர் அணிந்திருந்ததும் காக்கிதான், செய்துகொண்டிருந்ததும் அரசுப் பணிதான். மோதுகிற வண்டிக்கு அதெல்லாம் தெரியாது.

கணக்கு கொஞ்சம்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் யார் என்று பார்க்க இரண்டு வினாடி குனிந்தால் 44 மீட்டர். ‘வந்துட்டிருக்கேன்’ என்று தட்டி அனுப்ப ஐந்து வினாடி என்று வைத்துக்கொண்டால் 110 மீட்டர். அந்த 110 மீட்டரும் ஸ்டீயரிங் பிடித்த ஆள் இல்லாமல் ஓடுகிற வண்டி.

நிமிர்ந்து பார்த்ததும் வண்டி நின்றுவிடாது. கண் கண்டதைக் கால் செய்ய ஒன்று, ஒன்றரை வினாடி ஆகும். பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் நல்ல டயர் உள்ள காருக்கே 35 மீட்டர் வேண்டும். மழை பெய்திருந்தாலோ லோடு ஏற்றியிருந்தாலோ இந்தக் கணக்கை மறந்துவிட்டு இரட்டிப்பாக எண்ணிக்கொள்ளுங்கள்.

போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ப்ளூடூத் மாட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அதே நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது: கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல. கை சும்மா இருக்கிறது, மனம் பேச்சில் இருக்கிறது. கண் பேரிகார்டைப் பார்க்கும், மனம் அதைப் பதிவு செய்யாது. ‘திடீர்னு முன்னாடி வந்துட்டாரு சார்’ என்று ஸ்டேஷனில் சொல்கிற டிரைவர்களில் பலர் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே திடீரென்றுதான் தெரிந்திருக்கும்.

சாவியைத் திருகுவதற்கு முன்

இதை வண்டி நின்றிருக்கும்போதே, வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. போகும் இடத்தை மேப்பில் போட்டு, ஒருமுறை முழு வழியையும் பாருங்கள். ஓசூருக்குள் போக வேண்டுமா, மேம்பாலத்தில் நேரே போக வேண்டுமா, சர்வீஸ் ரோட்டில் எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் இப்போதே தெரிந்துவிட வேண்டும். குரல் வழிகாட்டியைச் சத்தமாக வையுங்கள். அப்போது திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே பாதியாகக் குறையும்.

2. போனை ஹோல்டரில் மாட்டுங்கள். கண்ணாடிக்கு நடுவே வேண்டாம். சாலையை மறைக்காமல், தலையைத் திருப்பாமல் தெரியும் உயரம் போதும். மடியில், இரண்டு சீட்டுக்கு நடுவில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் செருகி வைப்பதெல்லாம் ஆபத்து. ஒரு பள்ளத்தில் போன் கீழே விழும். விழுந்ததை எடுக்கக் குனிவதுதான் எல்லாவற்றிலும் மோசமான குனிதல்.

3. ‘டிரைவிங்’ அல்லது ‘தொந்தரவு வேண்டாம்’ முறையைப் போடுங்கள். இப்போது விற்கிற எல்லா ஸ்மார்ட்போனிலும் இது உண்டு. வண்டி ஓட ஆரம்பித்ததும் தானாக இயங்கும்படி வைத்தால் தினமும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை வரும் அழைப்பை மட்டும் ஒலிக்க விடும் வசதியும் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால் அது போதும்.

4. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அத்திப்பள்ளிக்கோ கிருஷ்ணகிரிக்கோ ஒரு கிலோமீட்டர் முன்னால், ஓடுகிற வண்டியில் ரீசார்ஜ் செய்கிறவர்களை இந்தச் சாலையில் தினமும் பார்க்கலாம்.

5. லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நான்கும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வையுங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் செல்லும். ஆனால் காவலர் கை காட்டிய பிறகு, ஓடும் வண்டியில் அதைத் திறக்கத் தேடாதீர்கள்.

6. பாட்டு, கண்ணாடி, சீட், ஏசி எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே கியர்.

குறிப்பு: பீடி பற்ற வைப்பதும், பரோட்டாப் பொட்டலம் பிரிப்பதும், பின் சீட்டுக் குழந்தையைத் திரும்பி அதட்டுவதும் போன் பார்ப்பதற்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. போனுக்கு அபராதம் இருப்பதால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

அழைக்கிறவரைப் பழக்குவது

இந்தப் பகுதியில் ஓட்டும்போது போன் எடுக்கிற டிரைவர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக எடுப்பதில்லை. அழைக்கிறவர் அவருடைய சூப்பர்வைசர். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் வேன் பத்து நிமிடம் தாமதமானால் ‘எங்கப்பா இருக்க?’ என்று மூன்று பேர் கூப்பிடுவார்கள்: டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளர், செக்யூரிட்டி, அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளி. டிரைவர் எடுக்காவிட்டால் ஏச்சு. எடுத்து மாட்டினால் அபராதம் டிரைவர் பையிலிருந்து. நிறுவனங்களில் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடி, டிரைவர்களுக்குப் பூ கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட மறுநாளே இது நடக்கிறது.

டிரைவரால் செய்யக்கூடியவை:

- கிளம்பும்போது ஒரே ஒரு செய்தி: ‘கிளம்பிட்டேன், 5.40க்குக் கேட்’. அதன் பிறகு பதில் இல்லை என்பதை எல்லோரும் பழகிக்கொள்வார்கள். முதல் வாரம் திட்டுவார்கள்.
- இருப்பிடத்தை நேரலையாகப் பகிர்ந்துவிடுங்கள். ‘எங்கே’ என்ற கேள்வியே வராது.
- முன் சீட்டில் உட்காரும் தொழிலாளி ஒருவரை ‘போன் ஆள்’ ஆக்குங்கள். அழைப்பு வந்தால் அவர் பேசட்டும்.

பொறுப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டி ஓடும் நேரத்தில் டிரைவர் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. ஜிபிஎஸ் மாட்டிய வண்டிக்கு எதற்கு அழைப்பு?

உணவு, பார்சல் கொண்டுபோகும் தம்பிகளுக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் போன்தான் வேலையே. ஆர்டர் வந்த சத்தம் கேட்டால் சாலையோரம், மண் தரையில், சைடு ஸ்டாண்டு போட்டு நின்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல் நின்று பார்ப்பது நிறுத்தம் ஆகாது.

காவலர்கள் எங்கே நிற்பார்கள்

தெரிந்த சாலையில் ஓட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு: ஆபத்து எந்த இடத்தில் காத்திருக்கும் என்று முன்பே ஊகிக்கலாம். கீழே உள்ள இடங்களுக்கு அரை கிலோமீட்டர் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பழகுங்கள்.

*எல்லை.* ஜூஜூவாடி, அத்திப்பள்ளி. இரண்டு மாநிலக் காவலர்களும் இருக்கிற இடம். தேர்தல் காலத்தில் பறக்கும் படை வேறு. லேன் மாறுகிற லாரிகளுக்கு நடுவே டார்ச்சுடன் ஆள் நடந்துகொண்டிருப்பார். எல்லை தாண்டிவிட்டோம் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பும் இடமும் இதுதான் என்பது துரதிர்ஷ்டம்.

*சிப்காட், தர்கா சந்திப்புப் பகுதி.* ஷிப்ட் விடும் நேரத்தில் போக்குவரத்துக் காவலர் நடுச் சாலையில் நின்று கையால் ஒழுங்குபடுத்துவார். அவருக்கு முதுகுப் பக்கமாக வருகிற பைக்குகள்தான் அவருக்குப் பெரிய தொல்லை.

*பேரண்டப்பள்ளி, சானமாவு காட்டுப் பகுதி.* யானைக் கூட்டம் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம். வனத்துறையினரும் காவலர்களும் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவார்கள். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், யானைக்கும் லாரிக்கும் நடுவில் நின்று செய்கிற வேலை. முன்னால் வரிசை நிற்பதைக் கண்டால் ஓவர்டேக் செய்து முன்னேறாதீர்கள். ஹாரன், ஹைபீம் இரண்டும் வேண்டாம். இறங்கி வீடியோ எடுக்கவே வேண்டாம். உங்களைத் திரும்ப வண்டிக்குள் அனுப்புவதற்கே ஒரு காவலர் தன் இடத்தை விட்டு வர வேண்டியிருக்கும்.

*சூளகிரியிலிருந்து மேலுமலை இறக்கம்.* இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500. அதாவது பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற லாரி, டிரைவருக்கே தெரியாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு பிரேக் சூடாகி, தேவைப்படும் இடத்தில் பிடிக்காமல் போகிறது. 2016 ஜூனில் மேலுமலை அருகே லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டித் தனியார் பஸ்ஸில் மோதியதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதே 44ஆம் எண் நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே, தொப்பூர்க் கணவாயில், 2024 ஜனவரியில் கட்டுப்பாடு இழந்த லாரியால் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நான்கு பேர் மாண்டதைக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது. இறக்கத்தின் அடியில் வண்டி மறித்து நிற்கிற காவலர், பின்னால் வருவது பிரேக் பிடிக்கிற லாரியா பிடிக்காத லாரியா என்று தெரியாமலேதான் நிற்கிறார். காரில் வருகிறவர் அங்கே போனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் இருக்கிற முப்பது டன்னை அந்தக் காவலர் மேல் தள்ளிவிடுகிறார் என்று பொருள்.

*கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை நெருங்கும் இடம்.* சென்னை, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் எல்லாம் பிரியும் ஊர். எந்த வழி என்று மேப்பைப் பார்க்கிறவர்கள் கூட்டம். வழி தவறினால் தவறட்டும். அடுத்த திருப்பத்தில் திரும்பிக்கொள்ளலாம்.

டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் ஓசூர்ப் பக்கம் பனிமூட்டம் இருக்கும். அப்போது மேலே சொன்ன அரை கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு மின்னுவதைக் கண்டதும்

தூரத்தில் சிவப்பு நீல விளக்கு, பேரிகார்டு, கூம்பு, டார்ச் அசைவு, ஒளிரும் மேல்சட்டை இவற்றில் எது தெரிந்தாலும்:

1. முதலில் காலை எடுங்கள். பிரேக் அப்புறம்.

2. உள்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடியிலும் பின்னால் பாருங்கள். லாரி ஒட்டிக்கொண்டு வந்தால், பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு அவருக்கு விளக்கு காட்டுங்கள்.

3. ஹைபீமைக் குறையுங்கள். எதிரில் நிற்கும் காவலர் கண் கூசி நின்றால் உங்களைத் தவிர வேறெதையும் அவரால் பார்க்க முடியாது. பக்கத்து லேனில் வரும் வண்டி உட்பட.

4. இண்டிகேட்டர் போட்டு, அவர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க லேனுக்கு மாறுங்கள். மாற இடமில்லையென்றால் அதே லேனில், வேகத்தை 30க்குக் கீழே கொண்டுவந்து செல்லுங்கள்.

5. கடந்து முடிக்கும்வரை அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கண் போகிற பக்கம் வண்டி போகும். திறந்திருக்கும் வழியைப் பாருங்கள்.

6. கடைசிக் கூம்பு தாண்டி ஐம்பது மீட்டர் வரை வேகம் கூட்ட வேண்டாம். அங்கே இன்னொருவர் நின்றுகொண்டிருக்கலாம்.

நான்காவது படியை அமெரிக்காவில் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். சவுத் கரோலினாவில் 1996இல் தொடங்கி, 2012இல் ஹவாயோடு ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது: ஓரமாக நிற்கும் காவல், ஆம்புலன்ஸ் வண்டியைக் கடக்கும்போது ஒரு லேன் தள்ளிப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகம் குறைக்க வேண்டும். இங்கே அதை உங்களிடம் கேட்க யாரும் வரப்போவதில்லை. நீங்களே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு: சோதனையைக் கடந்து வந்ததும், எதிரே வருகிறவர்களுக்கு ஹெட்லைட் அடித்துச் சைகை காட்டுவது. உதவி என்று நினைத்துச் செய்கிறோம். சைகை புரிந்தவர்களில் ஒருவர் அங்கேயே சட்டென்று திரும்பி ராங் சைடில் வருவார்.

கை காட்டி நிறுத்தினால்

ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தும்போது, உள்ளே யார் என்று அந்தக் காவலருக்குத் தெரியாது. 2016 ஜூனில் ஓசூரில் சங்கிலிப் பறிப்புக் கும்பலைப் பிடிக்கப் போன தலைமைக் காவலர் முனுசாமி குத்திக் கொல்லப்பட்டார். 2020 ஜனவரியில் குமரி மாவட்டத்தின் களியக்காவிளை எல்லைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுடப்பட்டு இறந்தார். எல்லை ஊரில் இரவுப் பணியில் நிற்கிற எவர் மனதிலும் இதெல்லாம் இருக்கும். அவர் குரல் கொஞ்சம் கறாராக இருந்தால் அதற்கு உங்கள் மேல் கோபம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

1. இடது இண்டிகேட்டர். மெல்ல ஓரம். அவர் காட்டும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தாதீர்கள், தாண்டியும் போகாதீர்கள். நடுச் சாலையில் நிறுத்தினால் அவர் நடுச் சாலையில் நின்றுதான் உங்களிடம் பேச வேண்டும்.

2. எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்சில் கால் வைத்துக்கொண்டு வண்டியை உறுமவிட்டுப் பேசுவது எவருக்கும் பதற்றம் தரும்.

3. இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்குங்கள்.

4. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். கேட்ட பிறகு, ‘டேஷ்போர்டுல இருக்கு சார், எடுக்கறேன்’ என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

5. பேச்சு நீளும் போலிருந்தால், ‘சார், இந்தப் பக்கமா வந்து பேசலாமா’ என்று சாலையை விட்டு விலகி, மண் ஓரத்துக்கு அழையுங்கள். இறங்குவதானால் இடது கதவு வழியாக இறங்குங்கள். வண்டிக்கும் ஓடும் போக்குவரத்துக்கும் நடுவே இருவரும் நிற்பதுதான் மிக ஆபத்தான நிலை.

6. அபராதம் தப்பாகப் போட்டதாகத் தோன்றினால் அங்கேயே வாதாடி அவரை நெடுஞ்சாலையில் நிறுத்தி வைக்க வேண்டாம். இ-சலான் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பிறகு மறுக்க உங்களுக்குச் சட்டப்படி வழி இருக்கிறது.

சலான் போட்டு முடித்து, காவலர் ஓரத்துக்குப் போன பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு.

பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக

ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிப் பேசுவதும், தோளால் இடுக்கிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே ஓட்டுவதும் இங்கே சாதாரணக் காட்சி. கழுத்து சாய்ந்தால் ஒரு பக்கம் முழுக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில்தான் காவலர் நிற்பார் என்பதில்லை. நின்றால் தெரியாது என்பதுதான் விஷயம்.

சோதனையைக் கண்டதும் திரும்பி ஓடுவது அதைவிடக் கெட்ட பழக்கம். ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய். அதைத் தவிர்க்க சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் பாய்கிறவர், தன்னை மறிக்க ஓடி வரும் காவலர் மேலேயே மோதுகிறார், அல்லது ஷிப்ட் முடிந்து நடந்துவரும் பெண்கள் மேல். நின்று கட்டிவிடுவது எப்படிப் பார்த்தாலும் மலிவு.

காவலர்களுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. 2018 மார்ச்சில் திருச்சி அருகே, நிற்காமல் போன பைக்கை ஆய்வாளர் துரத்திச் சென்று உதைத்ததில் பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தார் என்ற வழக்கு மாநிலத்தையே கொதிக்க வைத்தது. ஓடுகிற வண்டியின் சாவியைப் பிடுங்குவதும், சட்டையைப் பிடித்து இழுப்பதும், குறுக்கே கால் வைப்பதும் இரண்டு பேர் உயிருக்கும் கேடு. எண்ணைக் குறித்துக்கொண்டால் சலான் வீட்டுக்குப் போகும். அதற்குத்தான் கேமரா.

முன்னால் விபத்து நடந்திருந்தால்

விபத்து நடந்த இடத்துக்கு வரும் காவலருக்கு அங்கே பெரிய ஆபத்து, அடுத்து வரும் வண்டி. அவர் குனிந்து காயம்பட்டவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகு உங்கள் பக்கம்.

கடந்து போகிறவர் என்றால்: வேடிக்கைக்காக மெதுவாக்காதீர்கள், போனை வெளியே நீட்டிப் படம் எடுக்காதீர்கள். காவலர் கையசைவின்படி சீராக நகருங்கள்.

உதவ நிற்கிறவர் என்றால் வரிசை இது:

1. விபத்து நடந்த இடத்தைத் தாண்டி, சாலைக்கு முழுக்க வெளியே நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும்.

2. உங்கள் பாதுகாப்பு முக்கோணத்தைப் பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி வையுங்கள். நேர்ச் சாலையில் குறைந்தது 50 மீட்டர். வளைவோ இறக்கமோ என்றால், அந்த வளைவு தொடங்குவதற்கும் முன்னால். அங்கே நடந்து போகும்போது தடுப்புக்கு வெளிப்பக்கமாக நடங்கள்.

3. 108 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இடம் சொல்லும்போது கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும் எந்தத் திசைப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். ‘மேலுமலை தாண்டி’ என்பது போதாது. பெங்களூர் போகும் பக்கமா, கிருஷ்ணகிரி போகும் பக்கமா என்று தெரியாமல் ஆம்புலன்ஸ் நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றால் சுற்றி வர நேரம் பிடிக்கும்.

4. காவலர் வந்ததும் விலகி, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

சாட்சி, கோர்ட் என்று இழுத்தடிப்பார்கள் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு உதவுகிறவரைக் காப்பாற்றுகிறது. பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வேறு மாநிலத்தவராக இருந்தாலும். கர்நாடகப் பதிவெண் வண்டியில் அடிபட்டுக் கிடப்பவரை எந்த ஆஸ்பத்திரி சேர்க்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சட்டம், வேண்டிய அளவு

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ‘ஆபத்தான ஓட்டுதல்’. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் திரும்பவும் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாயோ. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் மாற்றிய பட்டியலின்படி சாலையில் கட்டுவது முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000. அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் தொகை வேறு.

டிரைவர் தொழில் செய்கிறவருக்கு ரூபாயைவிட லைசென்ஸ்தான் கவலை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் சொன்னபடி, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம். மூன்று மாதம் வண்டி எடுக்காமல் தவணை கட்ட முடியுமா என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்.

வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதி இடம் தருகிறது. அதைக் காட்டி ரீல்ஸ் பார்க்க முடியாது.

சாலையில் நிற்க நேர்கிறவர்களுக்கு

காவலர் மட்டுமல்ல, ஊர்க்காவல் படையினர், கம்பெனி கேட் முன்னால் பஸ்களை வெளியே விடும் செக்யூரிட்டிகள், திருவிழாவில் போக்குவரத்தைப் பார்க்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் சேர்த்து.

1. ஒளிரும் மேல்சட்டை இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள். காக்கி இருட்டில் தெரியாது. மழைக்கோட்டை மேல்சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டால் பட்டை மறைந்துவிடும். மழைக்கோட்டின் மேல் மேல்சட்டை.

2. பேரிகார்டை இறக்கத்தின் அடியிலும் வளைவின் மறுபுறமும் வைக்காதீர்கள். வண்டிகள் தப்பிக்க முடியாத இடம் என்பதால்தான் அந்த இடங்களைத் தேர்கிறார்கள். உங்களுக்கும் அங்கே தப்பிக்க வழியில்லை. ஏற்றத்தில் வைத்தால் வண்டி தானாகவே வேகம் இழந்துதான் வரும்.

3. முதல் எச்சரிக்கைப் பலகையோ கூம்போ, நிற்கிற ஆளுக்கு 150 மீட்டர் முன்னால் இருக்கட்டும். மேலே போட்ட கணக்கில் போனில் செய்தி தட்டிய டிரைவர் 110 மீட்டர் குருடாக வந்தார்.

4. ரோந்து வண்டியைப் பின்னால், கொஞ்சம் கோணலாக நிறுத்தி, அதற்கு முன்னால் நில்லுங்கள். யாராவது மோதினால் முதலில் வண்டியில் மோதட்டும். அந்த வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

5. நிறுத்திய வண்டியின் டிரைவர் பக்கம் போகாமல், இடது ஜன்னல் பக்கம் போய்ப் பேசுங்கள்.

6. வேகம் குறைக்காமல் வருகிற வண்டிக்கு முன்னால் கை நீட்டி நிற்காதீர்கள். கை காட்டுவது ஓரத்தில் நின்று. அவர் நிற்கவில்லையா, எண்ணைப் பாருங்கள், வாக்கிடாக்கியில் அடுத்த இடத்துக்குச் சொல்லுங்கள்.

7. இருவர் இருந்தால் ஒருவர் எப்போதும் வருகிற வண்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சலான் இயந்திரத்தில் எண் தட்டுகிறவரும் குனிந்துதான் இருப்பார்; அவருடைய கண்ணாக இன்னொருவர் வேண்டும். ஓய்வு நேரத்தில் சொந்தப் போனைப் பார்க்க வேண்டுமென்றால் தடுப்புக்கு வெளியே போய்ப் பாருங்கள்.

கம்பெனி கேட்டில் நிற்கிறவருக்கு ஒன்று கூடுதலாக: உங்கள் பஸ் வெளியே வருவதற்காக நெடுஞ்சாலை வண்டிகளை மறிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, விசிலும் சிவப்புக் கொடியும் கையில் இருந்தாலும். ஷிப்ட் நேரத்துக்குக் காவலர் ஒருவரை நிறுத்தித் தரும்படி நிர்வாகம் காவல் நிலையத்துக்கு எழுதிக் கேட்கலாம். அவர் வரும்வரை பஸ்தான் காத்திருக்க வேண்டும்.